நிலத்தைக் கேட்ட கேள்விகள்

நிலப்படம் ஒன்றை மேசைமீது விரித்து வைத்துக்கொண்டு, "இந்தக் கால்வாயின் இருமருங்கும் கால் மைல் தொலைவுக்குள் அமைந்த குளங்கள் எவை?" என்று வினவுவோமாயின், அதற்குரிய விடை அப்படத்தில் எழுதப்பட்டிராது. குளங்கள் வரையப்பட்டிருக்கும், கால்வாயும் வரையப்பட்டிருக்கும். அவ்விரண்டையும் ஒப்புநோக்கி, அளவுகோலை வைத்துப் பார்த்து, விடையை நாமே பிறப்பித்துக்கொள்ள வேண்டும். அங்ஙனம் பிறந்த விடைக்கு ஆயுள் எவ்வளவு? ஒரு தாளில் எழுதி வைத்தால், அத்தாள் உள்ள வரை. எழுதாவிடின், அது நம் நினைவில் நிற்கும் வரை. நில அளவையின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தோர் சங்கிலியைப் பற்றியும் கோணம் அளக்கும் கருவிகளைப் பற்றியும் விரிவாகச் சொல்லியிருக்கின்றனர். அளந்து கிடைத்த விடைகள் எவ்வாறு காக்கப்பட்டன, எவ்வாறு இழக்கப்பட்டன என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதனை நம் நாஞ்சில் நாட்டை நடுவாக வைத்து இன்று ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு இப்பொழுது என்ன அவசியம் எனலாம். அவசியம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருந்ததாகக் கணக்குகள் கூறும். அவற்றுட் பல தூர்ந்தும், சில மனைகளாகியும் போயின. எவை போயின என்று அறிய, இளைஞர் பலர் கணிப்பொறியில் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கேள்வி கேட்கின்றனர். விடை சில விநாடிகளில் திரையில் தோன்றுகிறது. அவ்விடை தற்காலிகமானது என்பதை அவர்களுட் பலர் அறிவதில்லை. மாலையில் கணிப்பொறியை மூடுகின்றனர். மறுநாட் காலையில் அது இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. இது புதிய துன்பம் போலத் தோன்றும். உண்மையில் மிகப் பழையது.

கருவிகள் வருமுன்னரே நம் நாட்டில் நிலத்தைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். மார்த்தாண்ட வர்மா ஆட்சியில், கொல்லம் 914ஆம் ஆண்டில், அதாவது 1738-39இல், பள்ளியாடியைச் சேர்ந்த மல்லன் சங்கரன் என்பார் திருவிதாங்கூரின் நிலவரித் திட்டத்தை நடத்தினார். அக்காலத்து வரித்திட்டங்களுக்குக் 'கண்டெழுத்து' என்று பெயர் வழங்கியது. எத்துணைப் பொருள் நிறைந்த சொல் பாருங்கள்! கண்டு எழுதுதல். கண்டதோடு நில்லாமல் எழுதியும் வைத்தல். அவ்வாறு எழுதப்பட்ட நிலக் கணக்கு 'ஒழுகு' எனப்பட்டது. வயலின் பரப்பு கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று விதையின் அளவால் குறிக்கப்பட்டது. நிலத்தின் எல்லை, நான்கு பக்கத்திலும் என்ன உள்ளது என்னும் சொற்களாலேயே காட்டப்பட்டது. படம் இல்லை. ஆயினும், இன்ன பிடாகையில் இன்ன குளத்தின்கீழ் எவ்வளவு நஞ்சை உண்டு என்று கேட்டால், கணக்கர் ஓலைகளைப் புரட்டி விடை கூறுவார்.

அவர் கூறிய விடை எங்கே போயிற்று? பெரும்பாலும் காற்றோடு போயிற்று. வேறோர் ஓலையில் எழுதப்பட்டவை மட்டுமே தங்கின. அவற்றையும் பூச்சியும் ஈரமும் அரித்தன. படி எடுத்தவர்கள் இருந்த இடத்தில்தான் அவை பிழைத்தன. அழகியபாண்டிபுரத்துப் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகள் இதற்கு நல்ல சான்று. நிலம், நீர், வரி, அடிமை விற்பனை என்று நாஞ்சில் நாட்டின் வாழ்வு முழுவதும் அவற்றில் அடங்கியிருந்தது. தேரூரில் பிறந்து ஆசிரியப் பணி ஆற்றிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் அவ்வோலைகளைத் தேடிச் சென்று படித்துப் படி எடுத்தார்கள். கவிமணியைக் கவிஞராகவே நாடு போற்றுகிறது; அவர் எடுத்த இந்தப் படிகளுக்காகவும் போற்றியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. பிற்காலத்தில் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்து வெளியிட்டார்.

இனி, சங்கிலியும் கோணமும் வந்த காலத்துக்கு வருவோம். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். எஃகுச் சங்கிலியைப் பெட்டிகளில் கிடத்தி, வெப்பத்தால் அது நீள்வதையும் கணக்கிட்டு, மே மாதத்தில் முடித்தார். ஒரு கோட்டின் நீளமும் அதன் இரு முனைகளில் நின்று நோக்கிய கோணங்களும் தெரிந்தால், ஒரு முக்கோணத்தின் மற்றைப் பக்கங்களைக் கணக்கிட்டு அறியலாமன்றோ? பள்ளியில் நாம் படிக்கும் கணிதந்தான். முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தெற்கே வந்த அவர், 1809ஆம் ஆண்டளவில் குமரிமுனைக்கு அண்மையில், ஆங்கிலப் பதிவுகளில் 'புன்னை' என்று காணப்படும் இடத்தை எட்டினார். அதன் அகலாங்கு எட்டுப் பாகையும் ஒன்பது கலையும் சிறிதும் ஆகும். பிற்காலத்தில் இமயமலை அடிவாரம் வரை நீண்ட பெரிய அளவை வில்லின் தென்முனை அதுவே. உலகத்தின் வடிவை ஆராய்ந்த அறிஞர் அனைவரும் நம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரை ஏட்டில் எழுதிக் கணக்கிட்டனர் என்பதை இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் அறிவார்களா?

அவ்வழியில் 1808இல் ஒரு விபத்து நேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின்மீது அரை டன் எடையுள்ள கருவியை ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் கூடாரத்தினுள் அடைபட்டு, ஆறு வாரம் உழைத்து அதனைத் தம் கையாலேயே திருத்தினார். இக்கதை பலரும் அறிந்தது. இதில் நான் கவனிப்பது வேறொன்று. கருவி சிதைந்ததே ஒழிய, அதற்கு முன் எடுத்த கோணங்களுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. அவை அன்றன்றே ஏட்டில் ஏறியிருந்தன.

அவ்வளவையாளர்கள் இரண்டு வகைப் பொருள்களை எழுதி வைத்தனர். ஒன்று, மலையுச்சியிலும் கோபுரத்திலும் நின்று நேரே நோக்கிய கோணம். மற்றொன்று, அக்கோணங்களிலிருந்து கணக்கிட்டுப் பெற்ற தொலைவும் உயரமும். முதலாவது சாட்சி, இரண்டாவது தீர்ப்பு. சாட்சியம் பத்திரமாக இருந்தால், தீர்ப்பை மீண்டும் எழுதலாம். லாம்டன் 1823இல் இங்கன்காட்டில் காலமான பின், அவருக்குப் பின் வந்தவர்கள் பழைய கணக்குகளைத் திரும்பவும் ஆராய முடிந்தது இதனால்தான். எவரெஸ்ட் என்று இன்று நாம் அழைக்கும் சிகரத்தின் உயரமும் இவ்வாறு கிடைத்ததே. 1849-50இல் தொலைவிலிருந்து நோக்கிக் குறித்த கோணங்களை அலுவலகத்தில் கணிதர்கள் பல காலம் கணக்கிட்டு, 1856இல் 29,002 அடி என்று வெளியிட்டனர். நோக்கியவர்களுக்கு அப்போது தாங்கள் கண்டது இன்னதென்று தெரியாது. விடை ஏட்டுக்குள் உறங்கிக் கிடந்தது.

திருவிதாங்கூருக்கே உரிய அளவை லாம்டனுக்குப் பின் வந்தது. பெஞ்சமின் ஸ்வெயின் வார்டு, பீட்டர் அயர் கானர் என்னும் இரு படை அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தனர். அவர்கள் படம் வரைந்ததோடு அமையாமல், ஒவ்வொரு பகுதிக்கும் அதன் எல்லை, மலை, ஆறு, குளம், சாலை, விளைபொருள், மக்கள்தொகை ஆகியவற்றைக் கூறும் விளக்கவுரை ஒன்றையும் எழுதினர். தோவாளையும் அகஸ்தீசுவரமும் அதில் இடம்பெற்றுள்ளன. அவ்வுரை நாற்பதாண்டுக்கு மேல் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1863இல்தான் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தீ விபத்து, ஒரு வெள்ளம், அல்லது அலமாரியைத் துப்புரவு செய்ய விரும்பிய ஓர் எழுத்தர் போதும், அவ்வளவும் போயிருக்கும்.

வார்டு கானர் உரையின் அருமை யாதென்று எண்ணிப் பாருங்கள். லாம்டனின் முக்கோணத்தை மறுபடியும் அளக்கலாம். மலையுச்சி அங்கேயே இருக்கும். 1820ஆம் ஆண்டின் நாஞ்சில் நாட்டை இனி எவராலும் அளக்க முடியாது. அந்த ஆண்டில் இந்நாடு இன்னவாறு இருந்தது என்பதற்கு அவ்வுரையே சாட்சி. ஆகவே சில விடைகள் கேள்வி இருந்தால் மீண்டும் கிடைக்கும். சில விடைகள் ஒருமுறைதான் கிடைக்கும். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், கணிப்பொறியில் நிகழ்வதும் எளிதில் விளங்கும்.

1883 முதல் 1911 வரை திருவிதாங்கூரில் நடந்த பெரிய அளவைத் திட்டம், ஒவ்வொரு வயலுக்கும் ஓர் அளவை எண் கொடுத்தது. விதைப்பாடு மறைந்து, ஏக்கரும் சென்டும் வந்தன. பார்வத்தியகாரர் கையிலிருந்த தண்டப்பேர்க் கணக்குக்கு ஒரு படம் துணையாயிற்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் நம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபின், கணக்கேடுகளின் பெயர்கள் மாறின, வேலை மாறவில்லை. இன்று புலப்படத்தைத் தமிழக அரசின் இணையச் சேவையிலேயே காணலாம்.

படத்திடம் பொறியின் வாயிலாகக் கேள்வி கேட்கும் முயற்சி 1960களில் கனடாவில் தொடங்கியது. ராஜர் டாம்லின்சன் என்பவர் அந்நாட்டின் நிலவளக் கணக்கெடுப்புக்காக இதனை வகுத்தார். மண் வளப் படம் ஒன்று, காட்டுப் படம் ஒன்று, இரண்டும் கூடும் இடம் எவ்வளவு என்று கேட்டால், மனிதர் பலர் பல மாதம் செய்ய வேண்டிய ஒப்புநோக்கைப் பொறி செய்தது. காந்த நாடாக்களில் ஏற்றப்பட்ட அச்செல்வத்தைப் பிற்காலத்தில் படிப்பாரின்றிப் போகாமல் மீட்க, 1990களில் ஆர்வலர் சிலர் பாடுபட வேண்டியிருந்தது. ஓலைக்குப் பூச்சி, நாடாவுக்குக் காலம்.

இன்று நம் இளைஞர் மிகுதியும் பயன்படுத்துவது கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் மென்பொருள். கேரி ஷெர்மன் 2002இல் தொடங்கிய இது, விலையின்றி எவர்க்கும் கிடைக்கும். என் பழைய மாணவர் ஒருவர் இதனைக் கொண்டு தோவாளைக் குளங்களை ஆராய்வதை அருகிருந்து பார்த்தேன். பழைய ஒரு மைல் ஓரங்குலப் படத்திலிருந்து குளங்களின் வடிவை வரைந்து ஓர் அடுக்காக வைத்திருந்தார். இக்காலத்துச் செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைந்தது மற்றோர் அடுக்கு. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால், பழைய படத்தில் குளமாகவும் இன்று குளமல்லாமலும் இருக்கும் இடங்கள் கிடைக்கும். கட்டளை கொடுத்தார், விடை வந்தது. அவ்விடைக்கு மென்பொருள் 'வேறுபாடு' என்னும் பொருள்பட ஓர் ஆங்கிலப் பெயரைத் தானே சூட்டியது. வேறொரு பகுதிக்கு அதே கட்டளையைக் கொடுத்தார். அதற்கும் அதே பெயர். மூன்றாவதற்கும் அப்பெயரே. ஒரு வகுப்பில் மூன்று முருகன் இருந்தால் ஆசிரியர் படும் பாடு எனக்குத் தெரியும். இங்கே தந்தை பெயரைக் கேட்கவும் வழியில்லை.

அடுக்குகளின் பட்டியலில் இத்தகைய விடைகளின் ஓரத்தில் சிறு சில்லுப் போன்ற ஓர் அடையாளம் காணப்படும். 'இது கணிப்பொறியின் நினைவில் மட்டுமே உள்ளது. கோப்பாக எங்கும் இல்லை' என்பது அதன் பொருள். மென்பொருளை மூடும்போது, தற்காலிக அடுக்குகள் அழியும் என்று அது எச்சரிக்கவும் செய்யும். அவசரத்தில் அதனைப் படிப்பார் யார்? மின்சாரம் போனாலோ எச்சரிக்கையும் இல்லை. திட்டக் கோப்பைச் சேமித்துவிட்டோமே என்று சிலர் நிம்மதி அடைகின்றனர். திட்டக் கோப்பு எந்தெந்த அடுக்குகள், எந்த நிறத்தில், எங்கே என்பதையே நினைவில் வைக்கும். நினைவிலிருந்த அடுக்கின் உள்ளடக்கத்தை அது சுமப்பதில்லை. திரையில் மஞ்சளாகத் தெரிவு செய்து காட்டப்பட்ட குளங்களின் நிலையும் அதுவே. மறுபடி திறந்தால் மஞ்சள் மறைந்திருக்கும். மேப்இன்ஃபோ என்னும் மற்றொரு மென்பொருளில் வினவலின் விடைகள் ஒன்று, இரண்டு என்று வரிசை எண் பெற்று நிற்கும். தனிப்படி எடுத்துச் சேமிக்காவிடின் அவையும் அன்றைய நாளோடு முடிந்துபோம்.

சில விடைகள் நினைவில் அன்றி, கணிப்பொறியின் தற்காலிக உறையில் கோப்பாகவே எழுதப்படுவதுண்டு. அடுக்கின் பண்புகளைத் திறந்து, தகவல் என்னும் பக்கத்தைப் பார்த்தால், அது எங்கிருந்து வருகிறது என்னும் முழு முகவரியும் தெரியும். முகவரியில் தற்காலிக உறையின் பெயர் இருந்தால், அவ்விடை வழிப்போக்கர் சத்திரத்தில் தங்கியிருக்கிறது என்று கொள்க. துப்புரவு செய்வார் எப்போதும் வரலாம். உடனே அதனை வேறிடத்துக்கு மாற்றுதல் நன்று. அடுக்கின்மீது வலப்பொத்தானை அழுத்தினால் நிலைப்படுத்துதல், ஏற்றுமதி செய்தல் என்னும் வழிகள் உள்ளன. ஷேப்ஃபைல் என்னும் பழைய வடிவில் சேமித்தால், ஒவ்வொரு பத்தியின் தலைப்பும் பத்து எழுத்துக்குள் வெட்டுண்ணும். தமிழ்ப் பெயர்களும் சில வேளை சிதையும். 2014இல் தரப்படுத்தப்பட்ட ஜியோபேக்கேஜ் என்னும் வடிவில் இத்தொல்லை இல்லை. பல அடுக்குகளை ஒரே கோப்பிலும் வைக்கலாம். பரப்பைக் கணக்கிட வேண்டுமாயின், பாகைக் கணக்கில் அல்லாமல் மீட்டர்க் கணக்கில் சேமிக்க வேண்டும். நம் மாவட்டம் உலகப் பகுப்பில் வடக்கு 43ஆம் மண்டலத்தைச் சேர்ந்தது. பழைய அளவைப் படங்கள் எவரெஸ்டின் பெயர் கொண்ட புவி வடிவக் கணக்கில் அமைந்தவை என்பதையும் மறக்கலாகாது. அதனைக் குறிக்காமல் இன்றைய கணக்கோடு சேர்த்தால், குளம் முழுவதும் இடம் பெயர்ந்து நின்று, இல்லாத இழப்பைக் காட்டும்.

விடை தொலைந்தே போனால்? அப்போதும் ஒரு வழி உண்டு. கொடுத்த கட்டளைகளை எல்லாம் அம்மென்பொருள் நாளும் நேரமும் குறித்து ஒரு வரலாற்று ஏட்டில் எழுதிக்கொண்டே வருகிறது. அதைத் திறந்து, பழைய கட்டளையைக் கண்டுபிடித்து மறுபடியும் நடத்தலாம். லாம்டனின் கோண ஏடு போன்றது அது. ஆனால் ஒரு நிபந்தனை: கேள்வி எந்த அடுக்குகளின்மேல் கேட்கப்பட்டதோ, அவை கோப்புகளாக இருக்க வேண்டும். ஒரு தற்காலிக விடையின்மேல் கேட்ட கேள்வி, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டு போனவர்களுக்கு அவ்வேடு உதவாது. சாட்சியே இல்லாத வழக்கு அது.

கேள்வியையே திட்டக் கோப்பில் வைத்து, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிதாக விடை காணும் முறையும் உண்டு. மெய்நிகர் அடுக்கு என்பர். இளைஞர் இதனை விரும்புகின்றனர். எப்பொழுதும் புதிய விடை கிடைக்கிறதே என்கின்றனர். குளங்களின் காரியத்தில் இதை மட்டும் நம்புவதை நான் ஒப்பவில்லை. அடுத்த ஆண்டு செயற்கைக்கோள் அடுக்கைப் புதுப்பித்தால், விடையும் மாறிவிடும். இவ்வாண்டின் விடை எங்கும் இராது. ஒரு குளம் எந்த ஆண்டில் தூர்ந்தது என்று நாளை ஒருவர் கேட்டால், ஆண்டுதோறும் தனித்தனியே சேமித்த விடைகளே பதில் சொல்லும். சுசீந்திரம், தேரூர்க் குளத் தொகுதி 2022இல் ராம்சார் உடன்படிக்கையின்படி உலகப் பெருமை பெற்றுவிட்டது. அதனைக் கவனிப்பார் உண்டு. பெயர் தெரியாத சிறு குளங்களுக்கு இத்தகைய கோப்புத்தான் துணை.

அம்மாணவர் இப்போது பின்பற்றும் முறையைச் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு விடையையும் தாலுகா, பொருள், ஆண்டு, மாதம் ஆகியவை தோன்றப் பெயரிட்டு, மூன்று ஜியோபேக்கேஜ் படிகளாக வைக்கிறார்: ஒன்று தம் கணிப்பொறியில், ஒன்று கையடக்க வட்டில், ஒன்று ஊர் நூலகத்தில். கோப்போடு ஒரு சிறு குறிப்பும் இணைக்கிறார். அதில் எந்தப் படத்தின் எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளை, எவ்வளவு தொலைவு, எவ்வளவுக்குக் குறைந்த பரப்பு விடப்பட்டது என்பன இருக்கும். மடை இருந்த இடமும் மறுகால் ஓடிய வழியும் நேரில் போய்ப் பார்த்துத் தெரிந்தவரை தனிப் பத்தியாக எழுதப்பட்டுள்ளன. தோவாளையும் அகஸ்தீசுவரமும் முடிந்துவிட்டன. கல்குளத்தில் வேலை நடக்கிறது. விளவங்கோடு இனித்தான் தொடங்க வேண்டும்.